வாரியார் சுவாமிகளைக் கேட்ட செவிகள்

1993-ஆம் ஆண்டு நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி மாதம், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி அமாவாசை கழிந்தால் மறுநாளே கந்த சஷ்டி தொடங்கும். தமிழ்நாட்டில் முருகன் கோயில் உள்ள ஊர்களில் எல்லாம் சஷ்டி ஆறு நாட்களுக்கு யார் சொற்பொழிவு என்பதைப் புரட்டாசியிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சில் முதலில் எழும் பெயர் பல்லாண்டுகளாக ஒன்றே. அந்தப் பெயருக்குரியவர் இலண்டன் மாநகரில் அன்பர்களைச் சந்தித்துவிட்டுத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார். விமானம் தரை தொடும் முன்பே, வான்வழியிலேயே, திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் முருகன் திருவடி சேர்ந்தார். அப்போது அவருக்கு எண்பத்தேழு வயது.

மாலையோடு வரவேற்க வேண்டியவருக்கு மாலையோடு அஞ்சலி செலுத்த நேர்ந்தது. மயிலேறும் பெருமான் தம் அடியாரை மண்ணில் கால் பதிக்க விடாமல் வானிலேயே எடுத்துக்கொண்டான் என்று அன்பர்கள் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். அழகான ஆறுதல்தான். ஆனால் அன்று செய்தி கேட்டுத் திகைத்து நின்றவர்களுக்கு அந்த அழகு உடனே புலப்பட்டிருக்க நியாயமில்லை. அருகிருந்து கஞ்சி கொடுத்தோம், கடைசியாக ஒரு வார்த்தை கேட்டோம், திருநீறு இட்டோம் என்று சொல்லிக்கொள்ள எந்த ஊருக்கும் கொடுத்து வைக்கவில்லை. எழுபது ஆண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று பேசியவர், எந்த ஊருக்கும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த இரண்டு மாதங்களில், 1994 ஜனவரி 8 அன்று, நூறாவது வயதில் இருந்த காஞ்சி மகாபெரியவரும் சித்தி அடைந்தார். அந்த ஆண்டின் கார்த்திகையும் மார்கழியும் கோயிலை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு எப்படிக் கழிந்தன என்பதை இன்று எழுபது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒருவர் பெரும்பாலும் மௌனத்தால் ஆண்டவர்; மற்றவர் பேச்சால் ஆண்டவர். இருவரும் ஒரே பருவத்தில் இல்லாமல் போயினர்.

சுவாமிகள் அவதரித்தது 1906 ஆகஸ்ட் 25 அன்று, வேலூரை அடுத்த காட்பாடிக்கு அருகில், பாலாற்றங்கரையில் உள்ள காங்கேயநல்லூரில். தந்தையார் மல்லையதாச பாகவதர். தாயார் கனகவல்லி அம்மையார். பதினொரு குழந்தைகளில் நான்காமவர். வீரசைவ மரபில் வந்த குடும்பம். ஐந்து வயதில் திருவண்ணாமலையில் சிவலிங்க தாரணம் செய்விக்கப்பெற்றது. அந்தக் குழந்தை கழுத்தில் அணிந்த லிங்கம் அந்த ஆயுள் முடியும்வரை அந்த மார்பிலேயே இருந்தது.

பள்ளிக்கூடம் என்ற ஒன்றுக்கு அவர் சென்று பயின்றதில்லை. தந்தையே ஆசான், வீட்டுத் திண்ணையே வகுப்பு. இசையிலும் புராணப் பிரசங்கத்திலும் வல்லவரான மல்லையதாசர், மகனுக்கு எழுத்தோடு பாட்டையும் பாட்டோடு பொருளையும் சேர்த்தே ஊட்டினார். எட்டு வயதில் வெண்பா பாடினார் சிறுவர். பன்னிரண்டு வயதுக்குள் பதினாயிரம் பாடல்கள் மனப்பாடம் என்று சொல்வார்கள். இன்றைய பிள்ளைகளின் பாட்டனாருக்கே இது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து மனப்பாடம் என்பது தேர்வுக்கு முந்திய நாள் இரவு செய்யும் காரியமன்று. விடியலில் எழுந்து ஓதியது, கிணற்றடியில் ஓதியது, நடக்கும்போது ஓதியது, உறங்கும் முன் தந்தை கேட்க ஒப்புவித்தது. அப்படி நெஞ்சில் இறங்கிய பாடலைப் பின்னாளில் தேடவேண்டிய அவசியமே இராது. மேடையில் சுவாமிகள் ஏட்டைப் புரட்டியதை யாரும் பார்த்ததில்லை என்று அன்பர்கள் வியப்பார்கள். அந்த வியப்புக்கு விடை காங்கேயநல்லூர்த் திண்ணையில் இருக்கிறது.

பதினெட்டு வயதில் அவரே மேடையேறிச் சொற்பொழிவு ஆற்றலானார். பத்தொன்பது வயதில் அமிர்தலட்சுமி அம்மையாரை மணந்தார். இருபத்து மூன்றாம் வயதிலிருந்து நான்கு ஆண்டுகள் சென்னை ஆனைகவுனியில் தென்மடம் வரதாசாரியாரிடம் வீணை பயின்றார். அவருடைய சொற்பொழிவில் பாட்டு ஓர் அலங்காரமாக ஒட்டவைத்ததுபோல் இராமல் பேச்சோடு பேச்சாகக் கலந்து வந்தது அந்த வீணையின் பயன்.

அவருடைய பெயரைப் பற்றி ஒரு சிறு செய்தி. ‘வாரியார்’ என்றதும் கேரளத்தில் வழங்கும் குடிப்பெயர் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது அன்று. வாரி என்றால் கடல். கிருபை, ஆனந்தம், வாரி மூன்றும் சேர்ந்து கருணையும் ஆனந்தமும் நிறைந்த கடல் என்று பொருள் தரும். ‘ஆர்’ என்பது மரியாதை விகுதி. பெயர் வைத்த தந்தையார் தமிழும் வடமொழியும் அறிந்தே வைத்திருக்கிறார்.

சுவாமிகளின் வாழ்க்கைப் பணி எது என்று ஒரே சொல்லில் கேட்டால் திருப்புகழ் என்று சொல்லிவிடலாம். அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. கிடைத்தவை ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு. அவையும் ஓலைச்சுவடிகளில் சிதறிக் கிடந்தன. வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் திரட்டி, 1894-இல் முதல் பாகத்தையும் 1901-இல் இரண்டாம் பாகத்தையும் அச்சேற்றினார். அவருடைய மகனார் வ. சு. செங்கல்வராய பிள்ளை பின்னர் உரை கண்டார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருத்தணிகைப் படிகளில் ஆண்டின் இறுதி நாளில் திருப்புகழ் பாடி ஏறும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். சுவடியிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து படிக்கட்டுக்கும் திருப்புகழ் வந்துவிட்டது. ஆனால் அடுக்களையில் நிற்கும் தாய்க்கும் வயலிலிருந்து திரும்பும் குடியானவருக்கும் அதன் பொருள் எட்டியதா?

திருப்புகழின் சந்தம் காதுக்கு விருந்து. சந்தத்துக்காகச் சொற்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எங்கே பிரிப்பது, எதை எதனோடு கூட்டுவது என்று தெரியாமல் கற்றவர்களே தடுமாறுவார்கள். வாரியார் சுவாமிகள் அந்தப் பின்னலை மேடையில், எல்லோர் கண்ணெதிரிலும் அவிழ்த்துக் காட்டினார். முதலில் ஓரடியைப் பாடுவார். பிறகு நிறுத்தி, சொல்லைப் பிரிப்பார். பிரித்த சொல்லுக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு குறள், குறளுக்கு வீட்டில் நடக்கும் ஒரு சங்கதி. எல்லாம் சுற்றி வந்து மீண்டும் அதே அடியைப் பாடும்போது, முன்பு வெறும் ஓசையாக இருந்தது இப்போது பொருளாகக் கேட்கும். பின்வரிசையில் நின்றிருந்த வண்டிக்காரர் தலையசைப்பதும், முன்வரிசையில் அமர்ந்திருந்த புலவர் தலையசைப்பதும் ஒரே கணத்தில் நிகழும்.

இந்தப் பணியை நாவினால் மட்டும் செய்யவில்லை. ‘திருப்புகழமிர்தம்’ என்ற மாத இதழை முப்பத்தேழு ஆண்டுகள் நடத்தினார். ஆன்மிக இதழ் நடத்துவது எத்தகைய காரியம் என்பது இதழியலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சந்தாதாரர் மறப்பார், அச்சகத்தார் மறக்கமாட்டார். வாரம் முழுவதும் ரயிலிலும் பேருந்திலும் பயணம், இரவெல்லாம் சொற்பொழிவு, இவற்றுக்கிடையே மாதந்தோறும் ஒரு திருப்புகழுக்கு விரிவுரை எழுதி முடிக்கவேண்டும். முப்பத்தேழு ஆண்டுகள் என்றால் நானூற்று நாற்பத்து நான்கு மாதங்கள். இதைத் தவம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? ‘இராமகாவியம்’, ‘மகாபாரதம்’, ‘சிவனருட்செல்வர்’, குழந்தைகளுக்காக எழுதிய ‘தாத்தா சொன்ன குட்டிக் கதைகள்’ என ஏறத்தாழ நூற்றைம்பது நூல்கள் அவர் பெயரில் உள்ளன.

எதைத் தொடங்கினாலும் வயலூர் எம்பெருமானை நினைத்தே தொடங்குவார். திருச்சியை அடுத்த வயலூர், அருணகிரிநாதர் தம் பாடல்களில் மறவாமல் போற்றிய தலம். சுவாமிகளுக்கும் அத்தலத்துக்கும் உண்டான தொடர்பைப் பற்றி அன்பர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். இளமையில் அவர் வயலூருக்கு வழிபடச் சென்றபோது அரை ரூபாய் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தாராம். அன்றிரவு கோயில் நிர்வாகியின் கனவில் முருகன் தோன்றி, என் அன்பனிடம் அரை ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டாயே, அதனால் கோபுரம் எழுந்துவிடுமா என்று கேட்டானாம். நிர்வாகி கலங்கிப்போய் அந்தத் தொகையை அஞ்சலில் சுவாமிகளுக்கே திருப்பி அனுப்பிவைத்தார். முருகன் தம்மிடம் காசைக் கேட்கவில்லை, கோபுரத்தைக் கேட்கிறான் என்று சுவாமிகள் உணர்ந்தார். வயலூர்த் திருப்பணி அவர் கைக்கு வந்தது, கோபுரமும் எழுந்தது.

கணக்கு வழக்கில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு இந்த நிகழ்ச்சியில் ஒரு தனிச் சுவை உண்டு. வரவில் வைத்த தொகையைக் கோயில் திருப்பி அனுப்பியதாக வேறு எங்கும் கேள்விப்பட முடியாது. அனுப்பிய அரை ரூபாய்க்கு அஞ்சல் செலவு வேறு! ஆனால் திருப்பணி வரலாற்றில் அதைவிட இலாபகரமான பட்டுவாடா ஒன்று நடந்திருக்க இயலாது. சொற்பொழிவால் வந்த வருவாய் கோயில்களுக்குப் போவது அன்றுமுதல் அவருக்கு வழக்கமாயிற்று. வடலூரில் வள்ளற்பெருமான் அமைத்த சத்திய ஞான சபையின் திருப்பணியை முன்னின்று நடத்தி, 1950-இல் குடமுழுக்குச் செய்வித்தார். வீரசைவ மரபில் வந்தவர், முருகனடியார், சன்மார்க்க சபைக்குத் திருப்பணி செய்தார். பேதம் பாராட்டுவோர் அன்றும் இருந்தனர். அவர் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, வேலையைப் பார்த்தார்.

ஒரே கதையைத்தானே திரும்பத் திரும்பச் சொல்கிறார், நகைச்சுவை சற்று அதிகமில்லையா என்று குறை சொன்னவர்களும் உண்டு. கற்றோர் அவையில் அது குறையாகத் தோன்றலாம். நாள்தோறும் அதே கந்தர் அநுபூதியைப் பாராயணம் செய்யும் வீட்டில் அப்படித் தோன்றாது. சூரபதுமனை முருகன் ஆண்டுதோறும் அதே கடற்கரையில்தானே வதைக்கிறான்? திருச்செந்தூர்க் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தா போயிற்று?

அவருடைய நகைச்சுவை எவரையும் புண்படுத்தாமல் வேலையை முடிக்கும். அனுமனைச் ‘சொல்லின் செல்வன்’ என்று போற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் சிலர் எழுந்து செல்லத் தொடங்கினார்களாம். சுவாமிகள் அவர்களைப் பார்த்து, இங்கேயும் சில சொல்லின் செல்வர் இருக்கிறார்கள், நாம் ஒரு நல்லது சொல்லின் உடனே செல்வர் என்றாராம். சிரிப்பொலியில் எழுந்தவர்களும் சிரித்துக்கொண்டே அமர்ந்துவிட்டார்கள். கடிந்து சொல்லியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். மறுநாளும் வந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள். பெரும்பாலான சொற்பொழிவுகளில் குழந்தைகள் இடைஞ்சல். அழுதால் வெளியே தூக்கிச் செல்லுங்கள் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுவார்கள். சுவாமிகளின் கூட்டத்தில் முன்வரிசை அவர்களுடையது. நடுவிலே பேச்சை நிறுத்திக் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன குழந்தைக்கு ஒரு சிறு புத்தகம் பரிசு. அந்தப் பரிசுக்காக முந்தின நாளே பாட்டியிடம் புராணம் கேட்டுத் தயாராகி வந்த குழந்தைகள் எத்தனையோ.

அவற்றுள் ஒரு நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுவது. அன்பர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களும் இன்னொருமுறை கேட்கலாம். முருகனுடைய அப்பா பெயர் என்ன என்று சுவாமிகள் கேட்க, ஒரு சிறுவன் எழுந்து, “சிவாஜி” என்றான். ‘திருவிளையாடல்’ திரைப்படத்தில் சிவாஜி கணேசன் சிவபெருமானாக வந்த காலம். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிறுவனின் முகம் வாடிவிட்டது. சுவாமிகள் சிரித்தவர்களைப் பார்த்து, குழந்தை சரியாகத்தான் சொன்னான், காந்தியைக் காந்திஜி என்கிறோம், நேருவை நேருஜி என்கிறோம், அதுபோல மரியாதையாகச் சிவனைச் சிவாஜி என்றான் என்று சொல்லிப் பரிசையும் கொடுத்தார்.

இதைச் சமயோசிதம் என்று பாராட்டுவார்கள். அதற்குள் வேறொன்றும் இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் சிரிக்க, அவமானத்தோடு வீடு திரும்பும் குழந்தை மறுபடி கோயில் பக்கம் வருமா? அன்றிரவு அந்தக் குழந்தையின் மனத்தில் முருகனைப் பற்றி என்ன பதியும்? ஒரு நொடியில் இவ்வளவும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. புராணத்தைக் கரைத்துக் குடித்தவர் பலருக்கும் அது தோன்றுவதில்லை.

திரைப்படத் துறையையும் அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. 1972-இல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த ‘தெய்வம்’ திரைப்படத்தில் சுவாமிகளாகவே தோன்றி முருகன் பெருமையைக் கூறினார். எம்.ஜி.ஆருக்குப் ‘பொன்மனச் செம்மல்’ என்ற பட்டத்தைச் சூட்டியவரும் அவரே. எங்கே மக்கள் கூடுகிறார்களோ அங்கே முருகன் பெயர் ஒலிக்கட்டும் என்பதே அவர் கணக்கு.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று கடல் கடந்தும் அவர் குரல் சென்றது. கடைசிப் பயணமும் அப்படிப்பட்டதே. எண்பத்தேழு வயதில் அவ்வளவு தொலைவு தேவையா என்று நெருங்கியவர்களுக்குத் தோன்றியிருக்கும். கூப்பிட்ட இடத்தில் நாலு பேர் திருப்புகழ் கேட்க ஆசைப்பட்டால் போகாமல் இருக்க அவரால் முடிந்ததில்லை.

அந்த ஆண்டு கந்த சஷ்டி வந்தது. மேடைகள் போட்டிருந்தார்கள், வேறு சொற்பொழிவாளர்கள் வந்து பேசினார்கள். பலர் அவரிடமே கேட்டுக் கேட்டுக் கற்றவர்கள். சூரசம்காரக் கட்டம் வந்ததும், இந்த இடத்தில் சுவாமிகள் எப்படிச் சொல்வார் என்று கேட்டவர்களுக்கு நினைவு ஓடியது, சொன்னவர்களுக்கும் ஓடியது. அதைக் கடந்து பேச்சைத் தொடர்வது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

இன்று அவருடைய சொற்பொழிவுகள் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் ஒலிநாடாவாக வீட்டு அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்வார்கள். இப்போது பேரன் கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுக்கிறான். குரல் அதே குரல். ஆனால் மணலில் சம்மணமிட்டு அமர்ந்து, பக்கத்தில் இருப்பவரின் தோள் இடிக்க, மடியில் குழந்தை உறங்க, பனி தலையில் இறங்க, இரவு பத்து மணிக்குமேல் கேட்டது அந்தக் கைப்பேசிக்குள் இல்லை. கோயில் திருவிழாக்களில் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் நாட்கள் குறைந்து, மெல்லிசையும் பட்டிமன்றமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நிர்வாகிகளைக் கேட்டால் கூட்டம் வரவேண்டுமே என்கிறார்கள். வாரியார் சுவாமிகளுக்கு வராத கூட்டமா என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை கிடையாது. அவர்போல் ஒருவர் கிடைக்கவேண்டுமே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் கேட்டவரிடமும் விடை கிடையாது.

1970-இல் பத்து வயதில் முன்வரிசையில் அமர்ந்து பரிசு வாங்கிய குழந்தை, இன்று அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அந்தச் சிறு புத்தகம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அட்டை கிழிந்து, தாள் பழுத்து, பூஜை அறையில் சஷ்டி கவசப் புத்தகத்துக்கு அடியில். என்ன கேள்விக்குப் பரிசு வாங்கினீர்கள் என்று கேட்டால் அதையும் பிசகாமல் சொல்கிறார்கள். அவரைக் கண்ணால் கண்டு, காதால் கேட்ட தலைமுறை அது.

2006-இல், நூற்றாண்டு வேளையில், இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அரை ரூபாயை அஞ்சலில் பெற்றுக் கோபுரம் எழுப்பியவருக்கு அது பொருத்தமான மரியாதை.

காங்கேயநல்லூரில் அவர் வழிபட்ட முருகன் கோயிலுக்கு எதிரிலேயே அவருடைய சமாதித் திருக்கோயில் அமைந்துள்ளது. ஞானத் திருவளாகம் என்று வழங்குகிறார்கள். முருகனைத் தரிசித்துவிட்டு வெளியே வருபவர்கள், தெருவைக் கடந்து அங்கேயும் சென்று ஒரு நிமிடம் நிற்பார்கள். நெற்றி நிறையத் திருநீறும், நடுவே குங்குமமும், கழுத்தில் உருத்திராக்கமுமாகச் சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்து, உடன் வந்த பேரக்குழந்தை, இந்தத் தாத்தா யார் என்று கேட்கும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பாட்டி சற்றே தயங்குவாள். பிறகு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, தன்னிடம் ஒருகாலத்தில் கேட்கப்பட்டதையே கேட்பாள்:

“முருகனுடைய அப்பா பேர் என்ன, சொல்லு பார்க்கலாம்?”